பன்னிரண்டு மரபணுக்கள்

காலை பதினோரு மணிக்குள் பகவதி ஏழு பேருக்குக் கிளை பார்த்து முடித்திருந்தாள். தூத்துக்குடி கிளைத் தீர்வகத்தில் அதுதான் அவள் வேலை. வந்தவரின் இரத்தத்திலிருந்து மரபணு எழுத்துகளைப் படித்து, மனிதன், குரங்கு, கடல்நாய் ஆகியவற்றின் எழுத்துகளோடு வரிசையாக அடுக்குவாள். எந்தெந்த மாற்றங்கள் யார் யாருக்குப் பொதுவாக இருக்கின்றன என்று பார்த்துக் கணினி உறவுமரம் வரையும். மனிதக் கிளையில் விழுந்தவர் வீட்டுக்குப் போகலாம்.

எட்டாவதாக ஆக்னஸ் வந்தாள். கடற்பண்ணையில் மூழ்கி வேலை செய்பவள்; ஏழு மாதக் கர்ப்பம். ஆழத்தில் அரைமணி நேரம் மூச்சடக்குவதற்காக, அவள் தாத்தா காலத்தில் அரசே கடலோர மக்களுக்குக் கடல்நாயின் மரபணுக்களைச் செருகியிருந்தது. போன வருடம் அவர்கள் ஓய்வுநாள் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே சட்டம் வந்தது: ஒருவர் மனிதரா விலங்கா என்று தீர்க்கப் பன்னிரண்டு மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். பன்னிரண்டும் மூச்சுக்கும் இரத்தத்துக்கும் உரியவை; அரசு செருகிய அதே மரபணுக்கள்.

திரையில் ஆக்னஸின் பெயர் கடல்நாயின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

“நான் எங்கம்மா வயித்துலதான மேடம் பொறந்தேன்?”

பகவதிக்குத் தெரியாததல்ல. செருகிய மரபணு வம்சவழி ஆகாது. மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிட்டால் ஆக்னஸும் தானும் ஒரே கிளை. அப்படி ஒப்பிட்டுக் காட்டிய பக்கத்து மேசைக்காரர் மூன்று வாரமாக வரவில்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

விலங்கு என்று தீர்ப்பானால் உரிமையாளர் வேண்டும். இல்லையென்றால் பண்ணை எடுத்துக்கொள்ளும். வெளியே நின்ற ஆக்னஸின் கணவன், ஏற்கெனவே மனிதக் கிளை என்று தீர்ப்பான மிக்கேலைப் பகவதி கூப்பிட்டாள்.

“உரிமையாளர்னு கையெழுத்துப் போடுங்க. இப்பமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்.”

“எம் பொண்டாட்டிக்கா?” அவன் பேனாவைத் தள்ளி வைத்தான்.

“வெறும் தாளுதான்.”

கையெழுத்துப் போட்டான். ஆக்னஸ் பகவதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு குடும்பத்தையாவது காப்பாற்றினோம் என்று பகவதி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து மிக்கேல் தோளில் குழந்தையோடு வந்தான்.

“உரிமைய பண்ணை பேருக்கு மாத்தணும் மேடம்.”

“என்ன ஆச்சு?”

“எதுத்து எதுத்துப் பேசுதா. போன வாரம் அவ அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. நான் சொல்லாம எப்படிப் போவா?” குரலில் கோபம்கூட இல்லை, நியாயம் கேட்கிறவனின் குரல்.

“அவ எங்க?”

“வண்டியில கெடக்கா. கட்டிப் போட்டிருக்கேன்.”

படிவத்தில் எங்காவது பிழை இருக்காதா என்று பகவதி இரண்டு தடவை படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அன்று அவளே போடச் சொன்ன அதே கையெழுத்து, சட்டப்படி செல்லும். முத்திரை வைத்தாள்.

“இதுக்கும் கிளை பாத்துருங்க.” குழந்தையை மேசைமேல் கிடத்தினான்.

குதிகாலில் ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. வெளியே வண்டியின் தகரத்தில் யாரோ உதைக்கும் சத்தம் கேட்டது. மிக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை.

பகவதி படிவத்தை இழுத்துக்கொண்டாள். “பிள்ளை பேரு?”

“இன்னும் வைக்கல மேடம். முடிவு வரட்டும்.”