சாப்பாடு போட்டாச்சா?

நேற்று மாலை ஜஹானாரா ஊற்றிவிட்டுப் போன இளஞ்சிவப்புத் திரவம் விடிவதற்குள் மஞ்சளாகியிருந்தது.

மஞ்சளானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உள்ளே வளரும் செல்கள் தின்று முடித்துவிட்டன, அவற்றுக்குப் பசிக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் மூன்று நாள் வரவேண்டிய சாப்பாட்டை ஒரே ராத்திரியில் வழித்து நக்கி வைத்திருந்தால் சந்தேகம் வராதா? கிருமி புகுந்துவிட்டதோ என்று அந்த ஃபிளாஸ்கை, உள்ளங்கை அகலத் தட்டை பிளாஸ்டிக் பாட்டிலை, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். துளி கலங்கல் இல்லை.

அன்று வைகுண்ட ஏகாதசி. மாவட்டத்துக்கே விடுமுறை. ஸ்ரீரங்கத்தில் நாலாவது மாடியில் இருந்த அந்த மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. செல்லுக்கு ஏகாதசியும் தெரியாது, பெருநாளும் தெரியாது. நேரத்துக்குப் போட்டாக வேண்டும். கீழே தெருவில் சொர்க்கவாசல் பார்க்க வந்த கூட்டம் ‘ரெங்கா, ரெங்கா’ என்று நகர்ந்துகொண்டிருக்க, அந்தச் சத்தம் மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெறும் முனகலாக வந்து, ஃப்ரீசர்களின் உறுமலோடும் தரையில் துடைத்த ஸ்பிரிட் வாடையோடும் கலந்து அறையை நிறைத்தது.

அந்த ஃபிளாஸ்கில் ஒட்டியிருந்தது ஒரு எண் மட்டும்தான். யாருடைய கட்டி என்று யாருக்கும் தெரியக்கூடாது. தன் சொந்தக்காரருடைய மாதிரியைத் தானே தொடக்கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தரும் சட்டம். ஜஹானாராவுக்குத் தெரியும். அது அவள் புருஷன் நஸ்ருல்லாவின் தலையிலிருந்து எடுத்தது. ஆபரேஷன் நடந்த அன்று வந்த கட்டி அது ஒன்றுதான்.

தலைமை டாக்டர் விஜயராணியிடம் அவள் மூச்சுவிடவில்லை. மறுபடி வளரும் என்று சர்ஜன் கையை விரித்துவிட்டார். இங்கே சோதிக்கும் மருந்துகளில் ஒன்று இந்தச் செல்லைக் கொன்றால் அதே மருந்து புருஷனையும் காப்பாற்றும் என்று நம்பினாள். அவரைப் பெற்ற மாமியிடமும் பொய்தான் சொல்லியிருந்தாள். உடம்பிலிருந்து வெட்டியெடுத்ததை மண்ணுக்குத் தந்தாக வேண்டும் என்று மாமி பஸீலா பிடிவாதம் பிடித்தபோது, ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, “இவ்வளவுதான் மாமி” என்றாள். அதைக் கபர்ஸ்தானில் புதைத்தார்கள். மிச்சம் இங்கே வளர்ந்தது.

திரவம் மாற்றுவதை அந்த லேபில் எல்லோரும் ‘சாப்பாடு போடுறது’ என்றுதான் சொல்வார்கள். “உன் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சா?” என்று கேலி வேறு. ஜஹானாரா ஒரு படி மேலே போய்விட்டாள். வீட்டில் புருஷனுக்குத் தட்டு வைக்கும்போது சொல்வதையே, பக்கத்தில் ஆளில்லாத நேரங்களில், இங்கேயும் சொல்லிப் பழகியிருந்தாள்.

“சாப்பிடுங்க மச்சான்.”

இன்றும் சொல்லிக்கொண்டே புதிய திரவத்தை ஊற்றினாள். கையுறையைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. மாமி.

“ஏம்மா ஜஹானா, காலையில இவனுக்கு என்ன குடுத்துட்டுப் போன?”

“ஒண்ணும் குடுக்கலையே மாமி. தூங்கிட்டிருந்தாரு.”

“இடியாப்பத்தைக் கொண்டுபோய் வச்சா வேணாங்கிறான். ‘இப்பத்தாம்மா ஜஹானா போட்டா, வயிறு நிறைஞ்சிருச்சு’ங்கிறான். ஏப்பம் வேற விடுறான். எனக்கு என்னமோ நல்லாப் படலை.”

மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று சமாதானம் சொல்லி போனை வைத்தாள். சொன்னாளே தவிர, அவளுக்கே அதில் நம்பிக்கையில்லை. கடந்த சில வாரங்களாகவே அவர் தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறார். ஆனால் ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை. அதை அவள் அல்லாஹ்வின் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபிளாஸ்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். நட்சத்திரம் மாதிரி கை நீட்டி எங்கும் பரவியிருக்க வேண்டிய செல்கள் ஒரே ஓரமாக நெருக்கியடித்துக் கிடந்தன. செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவைப் பார்த்த ஓரம். அவள் தினமும் உட்காரும் நாற்காலி அந்தப் பக்கம்தான் இருந்தது. சரி, பெட்டிக்குள் தட்டு சாய்ந்திருக்கும், திரவம் ஒரு பக்கமாகத் தேங்கியிருக்கும் என்று அவள் அறிவு சொன்னது. ஃபிளாஸ்கை முன்பின்னாகத் திருப்பி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

போன் அடித்தது. இம்முறை நஸ்ருல்லாவே. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தானாகப் போனைத் தொட்டதே இல்லை.

“என்னை ஏன் செவுத்தைப் பாக்க வச்சிட்ட?”

“என்ன மச்சான்? கட்டில்ல இந்தப் பக்கம் திரும்பிப் படுங்களேன்.”

“கட்டிலைச் சொல்லலை.” மூச்சு இரைத்தது. “இங்கேருந்து நீ தெரியலை ஜஹானா.”

யா அல்லாஹ்! கதவைத் திறந்து ஃபிளாஸ்கைப் பழையபடி திருப்பினாள். திருப்பிய வேகத்தில் உள்ளே திரவம் தளும்பியது. போனில் அவர் மெல்லச் சிரித்தார்.

“ஆட்டாத. தலை சுத்துது.”

அலமாரியின் மேல் தட்டில் பிளீச்சிங் கேன் இருந்தது. வேண்டாத செல்களை அதை ஊற்றித்தான் அழிப்பார்கள். ஊற்றிய நொடியில் கதை முடிந்துவிடும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊற்றினால் சாவது எது? கட்டியா, அவரா? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அவளால் கேனைத் தொட முடியவில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது.

உறுமல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. இன்குபேட்டர் மட்டும் கொஞ்ச நேரம் கீச்சிட்டு அதுவும் ஓய்ந்தது. மாடிப்படியில் ஓடி வாட்ச்மேன் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டாள்.

“ஜெனரேட்டர் ஆளு கோயிலுக்குப் போயிட்டாங்கம்மா. சாவியும் அவன்கிட்டதான். டிரான்ஸ்பார்மரே போச்சுங்கிறாங்க, சாயங்காலம் ஆயிடும்.”

செல்கள் அதுவரை தாங்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் திரும்பி வந்தபோது மேஜைமேல் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மாமி அலறினாள்.

“பல்லு கிட்டிருச்சும்மா! மூணு போர்வை போத்தியும் நடுக்கம் நிக்கலை. உதடெல்லாம் நீலம் பாரிச்சிருச்சு. தொட்டா ஐஸா இருக்கான். ஓடியா!”

ஜஹானாரா யோசிக்கவில்லை. மூடியை இறுக்கித் திருகி, ஃபிளாஸ்கைச் சட்டைக்குள் விட்டு, வெறும் வயிற்றோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டினாள். மேலே புர்கா. குளிர்ந்த பிளாஸ்டிக் தோலில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. சற்றைக்கெல்லாம் அது வெதுவெதுப்பானது.

“நடுக்கம் நின்னுடுச்சும்மா, அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் போனில் மாமி. பின்னால் நஸ்ருல்லாவின் குரல், ஆழத்திலிருந்து. “அவ நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா. பயப்பட வேணாம்னு சொல்லு.”

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வீட்டுக்கு பஸ் எதுவும் ஓடவில்லை. மாம்பழச்சாலையிலிருந்து காவிரிப் பாலம்வரை தலைகள்தான். நல்ல வெயில். ஈரத்துணி வாடை, துளசி வாடை, சூடம், சுண்டல். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நடந்தாள். பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிவிட்டாள்.

“பாத்துப் போம்மா. எத்தனை மாசம்?”

அவள் நடையை எட்டிப் போட்டாள். உள்ளே ஏதோ உரசியது. பிளாஸ்டிக் இல்லை. மென்மையாக, நகம் இல்லாத விரல் தடவுவது போல.

பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. கைப்பிடிச் சுவரில் மோதினாள். வயிற்றில் சடக்கென்று ஒரு சத்தம்.

ஈரம்.

கீழே வழியும் என்று காத்திருந்தாள். வழியவில்லை. தொடைக்கு வரவில்லை. துப்பட்டாவில் ஊறவில்லை. புர்காவுக்குள் கையை விட்டுத் தொட்டாள். உடைந்த பிளாஸ்டிக். காய்ந்த பிளாஸ்டிக். வயிற்றுத் தோல் காய்ந்திருந்தது. தோலுக்கு உள்ளே, தொப்புளைச் சுற்றி, வெதுவெதுப்பாக ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. எடுக்கவில்லை. ஓடினாள். பாலம் தாண்டிச் சிந்தாமணி. மெயின்கார்டு கேட். ஒரு ஆட்டோ. உள்ளே அது ஏறிக்கொண்டிருந்தது, விலாவைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி. காதுக்குள் ஒரு சூடு. அப்புறம் ஒன்றுமே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

தர்காவுக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் நஸ்ருல்லா. தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கட்டில் காலடியில் மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“போயிட்டானே! என்னை விட்டுட்டுப் போயிட்டானே என் பிள்ளை!”

என்னை மன்னிச்சிருங்க மாமி. எல்லாத்தையும் புதைச்சிருக்கணும். நான்தான் பொய் சொன்னேன். இதைத்தான் ஜஹானாரா சொல்ல வாயைத் திறந்தாள்.

“அம்மா,” என்றது வாய்.

மாமியின் அழுகை நின்றது.

“ஏம்மா அழுவுற? நான் இங்கதான இருக்கேன். பசிக்குதும்மா.”

அவள் குரல்தான். ஆனால் அந்த இழுவை அவளுடையது இல்லை. நான் இல்லை மாமி, நான் இல்லை என்று கத்தினாள். உதடு அசையவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். அதுவும் எழவில்லை.

பஸீலா கட்டிலைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அடுப்படியிலிருந்து தட்டோடு வந்து எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இடியாப்பத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசைந்தாள். கண்ணீர் கன்னத்தில் காயவில்லை. முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

“வாயைத் தொறடா, ராஜா.”

வேண்டாம் மாமி. போட்டால் வளரும். போடாதீங்க. போடாதீங்க.

உருண்டை பிடித்த கை பக்கத்தில் வந்தது. ஜஹானாராவின் வாய் அகலமாகத் திறந்தது.