வடக்குச் சுவரின் அறை

அந்த அறைக்குள் யாரும் இருக்க முடியாது. அதற்குக் கதவே இல்லை. ஆனாலும் அருந்தவனின் கணினித் திரையில், இங்கிலாந்துக் கிராமத் தேவாலயமொன்றின் வடக்குச் சுவருக்குப் பின்னால், ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லேசர் ஸ்கேனரில் புள்ளிப் புள்ளியாகப் பதிவான பழைய கட்டடங்களை, குடிபெயர்ந்து வந்திருந்த வெரிபீ புறநகரில் வீட்டிலிருந்தே துப்புரவாக்குவது அவனுடைய வேலை. சுற்றிப் பார்க்க வந்தவர்களும் புள்ளிகளாக விழுந்திருப்பார்கள்; அவர்களை அழித்துவிட்டுக் கல்லையும் மரத்தையும் மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் அந்தச் சிற்றறைக்குள் ஒருத்தியை விட்டு, வாசலைக் கல் வைத்து அடைத்தார்களாம். பீடத்தைப் பார்க்க ஒரு சாண் துவாரம். சாப்பாடு போனதும் அதன் வழியாகத்தான். சாகும்வரை ஜெபத்தில் இருக்க அவள் விரும்பித்தான் போனாள் என்று குறிப்பில் இருந்தது. திரையில் இருந்தவளின் மணிக்கட்டில் மட்டும் புள்ளிகள் இல்லை. கறுப்பாக எதையாவது கட்டியிருந்தால் லேசர் அப்படித்தான் விட்டுப்போகும். அவன் அவளையும் அழித்தான்.

குசினியிலிருந்து மனைவி சிவாஜினி வந்து எட்டிப் பார்த்தாள். "யாழ்ப்பாணத்தில இருந்து மச்சாள் திரும்ப எடுத்தவ. யோகாக்காவுக்கு வருத்தம் கடுமையாம். உங்களைத்தான் கேக்கிறாவாம். ஒருக்காக் கதையுங்கோ."

"இதை முடிச்சிட்டு எடுக்கிறன்."

மூன்று நாளாக இதையேதான் சொல்கிறான். எந்த முகத்தோடு கதைப்பது? மனம் பேதலித்த அக்கா மெடிக்கலில் தவறினால் அம்மாவின் விசாவும் போய்விடும் என்று, படிவத்தில் அக்காவின் பெயரையே எழுதாமல் விட்டவன் அவன். புறப்பட்ட அன்று அம்மா அவள் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டு வந்தார். மச்சாள் வீட்டில் அவளை அறையில் பூட்டி, யன்னலால் சோறு கொடுத்தார்கள். பசித்தால் எனாமல் தட்டைக் கம்பியில் தட்டுவாளாம். பதினொரு வருடம். தான் செய்தது பாவம் என்று அவனுக்குத் தெரியும்.

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. புதிதாக வீடுகள் எழும்பும் எஸ்டேட்டின் வெறும் வெளியைத் தாண்டி வந்த குளிர்காற்று கராஜ் கதவை விடாமல் அசைத்துக்கொண்டிருந்தது. ஹீட்டர் ஓடியும் அறைக்குள் ஈரச் சுண்ணாம்பு மணம் மெல்ல ஏறியது. பலகைச் சுவர் வீட்டில் சுண்ணாம்பு எங்கிருந்து வரும் என்று யோசித்தபடியே அவன் ஸ்கேன் கோப்பை மறுபடி திறந்தான்.

அவள் திரும்ப இருந்தாள். துவாரத்துக்குக் கிட்ட.

அழித்தான்.

இப்போது எழுந்து நின்றாள். முகம் துவாரத்தில். அழித்தான். டங். கம்பியில் தட்டுப் படும் சத்தம். திரையிலிருந்து அல்ல. டங். அழித்தான்.

அறை வெறுமையாயிற்று. சத்தமும் நின்றது.

குசினியில் சிவாஜினியின் போன் அடித்தது. பிறகு அவள் அழும் குரல். "இஞ்சேருங்கோ, யோகாக்கா மோசம் போயிட்டாவாம்."

அவனுக்கு முதலில் வந்தது ஆறுதல். இனி அக்காவுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டு, கதிரையைத் தள்ளி எழுந்து, கதவுப் பக்கம் திரும்பினான்.

கதவு இல்லை. கல். நாலு பக்கமும் ஈரக் கல். எங்கோ தூரத்தில் சிவாஜினி அழுதாள். கூப்பிட்டான். அவளுக்குக் கேட்கவில்லை. நெஞ்சுயரத்தில் ஒரு சாண் துவாரம்.

அதன் வழியே எனாமல் தட்டொன்று மெல்ல உள்ளே வந்தது. நிறையச் சோறு. தட்டை நீட்டிய கையில் அம்மா கட்டிய கறுப்புக் கயிறு. அவன் வாங்கும்வரை அந்தக் கை காத்திருந்தது.