பாறை கூப்பிட்ட பெயர்

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பசிபிக் கடலில் உள்ள நுகு ஹிவா தீவின் தையோஹே துறையிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் படகில் ஏறினார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது.

அவள் பெயர் பயேதினி. குதிரையிலிருந்து விழுந்தவள். அப்போது குதிரை சும்மா நின்றுகொண்டுதான் இருந்தது என்பதை, தோஹு என்ற பையன் தினமும் எல்லோருக்கும் நினைவுபடுத்தினான்.

அவர்கள் போனது ஹகாவுயி பள்ளத்தாக்கின் கடைசியில், இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே விழும் அருவிக்கு. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் எல்லோரும் அங்கே போய்த் தங்கள் பெயரைக் கத்துவார்கள். எதிரே உள்ள பாறைச்சுவர் அதைத் திருப்பிச் சொல்லும்.

அடுத்துச் சேரும் பெரிய பள்ளியில் முதல் நாள் வாசலில் அண்ணன்மார் நிற்பார்கள். “பாறை உன் பேரச் சொல்லுச்சா?” என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் அந்த வருடம் முழுக்க, “ஏய், பேரில்லாதது!” என்றுதான் கூப்பிடுவார்கள்.

படகை விட்டு இறங்கி, ஆற்றை ஒட்டி நடந்தார்கள். நோனோ என்ற பொடி ஈக்கள் எல்லோரையும் கடித்தன. ஒரு ஈ எப்படியோ பயேதினியின் மாவுக்கட்டுக்குள் புகுந்துவிட்டது. சொறிய முடியாமல் அவள் குதித்தாள்.

பின்னால் வந்த வகுப்புத் தோழன் பசீல் ஒரு தென்னை ஓலையைக் கிழித்து, ஈர்க்கைச் சீவி நீட்டினான்.

“உள்ள விட்டுச் சொறி. மெதுவா.”

“அப்பாடா,” என்றாள் பயேதினி. “நீ நல்லா இருப்ப.”

பசீல் அதிகம் பேசமாட்டான். அவன் வீடு மேலே, தோவி மேட்டில். அங்கே பைன் மரங்கள் உண்டு, மாடுகள் உண்டு. கடல் இல்லை.

வழியில் எத்வார் மாமா வாழைக்குலைகளை வெட்டினார். அவர்தான் வழிகாட்டி, நீளமான கத்தியோடு முன்னால் நடப்பவர். குலை வெட்டிய மரங்களையும் வெட்டிச் சாய்த்துவிட்டு நடந்தார். கொஞ்ச தூரத்தில் குளம் வந்தது.

அருவி இரையும் சத்தம் காதை அடைத்தது. ஆனால் அருவி தெரியவில்லை. குளத்தின் நடுவே வீடு போல ஒரு பெரிய பாறை மறைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி நீந்தி அந்தப் பக்கம் போனால்தான் அருவியும் பாறைச்சுவரும்.

“பயேதினி, நீ இங்கயே இரும்மா,” என்றார் டீச்சர். “கட்டு மேல ஒரு சொட்டு தண்ணி படக்கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க.”

“டீச்சர், நானும் இருக்கேன். வயிறு வலிக்குது,” என்றான் பசீல்.

“நேரம் பாத்து வலிக்குது பாரு,” என்று சிரித்தான் தோஹு. “ரெண்டு பேரும் நாங்க வச்சிட்டுப் போற மூட்டையப் பாத்துக் கத்துங்க. மூட்டை திருப்பிச் சொல்லும்.”

மற்றவர்கள் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பயேதினி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பசீல் ஒரு பம்பளிமாஸை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயிற்றுவலிக்காரன் இப்படிச் சாப்பிடுவானா?

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. படகில் அவன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தான். ஆற்றைக் கடக்கும் இடத்திலெல்லாம் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பின்தங்கி, கடைசியில் டீச்சரின் பையைப் பிடித்துக்கொண்டு கடந்தான்.

தீவில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் இருக்கும் என்று யாரும் நினைத்ததே இல்லை. அதனால் யாரும் அவனிடம் கேட்டதும் இல்லை.

“பசீல், உனக்கு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தோஹு பக்கத்தில்தான் நின்றான்.

அவள் எழுந்து எத்வார் மாமாவிடம் போனாள்.

“மாமா, நீங்க வெட்டுன வாழைமரம் மிதக்கும்ல?”

“மிதக்குமாவா? சின்ன வயசுல எனக்குப் படகே அதுதான்.”

“அப்ப என்னைத் தாங்கும்.”

மாமா அவளைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். “தோஹு, வாடா,” என்றார். “சும்மா சிரிச்சிட்டு நிக்கிறல்ல, மரத்தைத் தூக்கு.”

எல்லோரும் மரங்களை இழுத்து வந்தார்கள். மாமா ஆற்றோரத்து நீர்ப்பருத்தி மரத்தின் கொம்புகளைக் கூராக்கி, மரங்களின் குறுக்கே குத்தி இறக்கினார். அதே மரத்தின் பட்டையை உரித்துக் கட்டினார். தெப்பம் தயார்.

“கட்டு நனைஞ்சா உங்கம்மாக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் டீச்சர்.

“நனையாது டீச்சர். கைய மேல தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் கூட வரட்டும்.”

“நான் வரேன்,” என்றான் தோஹு.

“நீ நீந்தணும். உனக்கு ரெண்டு கையும் வேணும். சும்மா உக்காந்து வர ஆள்தான் வேணும்.” அவள் திரும்பினாள். “வயித்துவலிக்காரன் சும்மாதானே இருக்கான். பசீல், வரியா?”

பசீல் தண்ணீரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பம்பளிமாஸைக் கீழே வைத்தான்.

மாமா தெப்பத்தை முன்னால் இழுக்க, டீச்சர் பக்கத்தில் நீந்த, தோஹு பின்னால் தள்ளினான். மற்றவர்கள் சுற்றிலும் நீந்தி வந்தார்கள். பசீல் கண்களை மூடிக்கொண்டு அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

“கண்ணத் திற,” என்று மெதுவாகச் சொன்னாள் பயேதினி. “விலாங்கு போகுது, பாரு.”

“பாக்க வேண்டாம்.”

பாறை முனையில் நீர் சுழன்றது. தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் பசீலின் இடுப்புவரை ஏறியது. பக்கத்திலேயே பிடிக்கக் கொம்பு இருந்தது. அவன் கை அங்கே போகவில்லை. அவளுடைய மாவுக்கட்டை இரண்டு கையாலும் இன்னும் உயரத் தூக்கினான்.

மாமா ஒரே இழுப்பாக இழுத்தார். தெப்பம் நிமிர்ந்தது. பாறை விலகியது.

மலை உச்சியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு இறங்கி வந்தது. நடுவழியில் காற்று அதைக் கலைத்தது. கீழே விழும்போது அது மழையாக இருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தோஹுகூட.

பிறகு ஒவ்வொருவராகக் கத்தினார்கள். “தோ...ஹு!” பாறை சொன்னது. “பயே...தினி!” பாறை சொன்னது. அவள் பொங்கிப் பொங்கிச் சிரித்தாள்.

“பசீல், நீ,” என்றார் டீச்சர்.

பசீல் மூச்சை இழுத்தான். மேட்டில் மேயும் மாடுகளை அடுத்த மலையிலிருந்து கூப்பிடுகிறவன் அவன். அந்தக் குரலை வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

“பசீ...ல்!”

எதிர்ச்சுவர் சொன்னது. இந்தப் பக்கத்துச் சுவரும் சொன்னது. உச்சியிலிருந்து வெள்ளைப் பறவைகள் கிளம்பிப் பறந்தன.

“எப்படிடா?” என்றான் தோஹு, வாயில் தண்ணீரோடு.

“மாட்டக் கூப்பிடுற மாதிரிதான்,” என்றான் பசீல்.

திரும்பி நடக்கும்போது அவன் பயேதினியின் பக்கத்தில் வந்தான்.

“உனக்குத் தெரியுமா?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

“பம்பளிமாஸ் மிச்சம் இருக்கா?” என்றாள் அவள். இருந்தது. பாதி கொடுத்தான்.

ஜூலையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அதன் பிறகு, ஆட்கள் வராத நேரமாகப் பார்த்து, தையோஹே கடற்கரையில் பயேதினி அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தாள்.

ஆகஸ்டில் பெரிய பள்ளி திறந்தது. வாசலில் அண்ணன்மார் நின்றார்கள். பசீலிடமும் கேட்டார்கள்.

“ரெண்டு தடவ சொல்லுச்சு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.