ஏறியவன் வைத்திருக்க வேண்டிய சாவி

கந்தப்பளைக்கு மேலே, தோட்டப் பாதையின் கடைசி வளைவில் வேன் முனகி நின்றபோது டவரின் பாதிதான் தெரிந்தது. மீதியை மூடுபனி விழுங்கியிருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. தேயிலைக்கு அடுத்தபடி மலைநாட்டில் டவர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். சுதர்ஷினிக்குப் போன் கம்பனியில் அலை அளக்கும் வேலை. டவரைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் மேல் படும் அலை வரம்புக்குள் இருக்கிறதா, பாதுகாப்பு விதிகள் நடக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உடப்புசல்லாவையில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் பிறந்து, அந்த லயத்திலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தால் வீட்டுக்கு இதுவரை கிடைத்த ஒரே நன்மை, அண்ணன் சின்னராசாவுக்கு இன்றைக்கு ஒரு கைக்காசு வேலை, அன்றே கூலி கையில். டவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை.

ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குக் காலைப் பெரட்டு வரிசையில் பேர் கூப்பிட மாட்டார்கள். பேர் கூப்பிடாதவன் செத்தால் தோட்டத்துக்கு அவன் வரவேயில்லை. அவ்வளவுதான் சட்டம்.

டவரின் கீழ்ப்பாதியில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் புதிதாக இருந்தது. நடுவில் ஒரு பட்டை அரைகுறையாக நின்றது. அதற்கு மேலே வெறும் துரு.

"ஏன் பாதியில நிக்குது?"

வாச்சர் வீரய்யா தன் குடிசை வாசலில் நின்று மப்ளரை இழுத்து மூடினார். "ஆளு வரலைங்க."

இன்ஜினியர் மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர். குளிருக்கு வேனை விட்டு இறங்க மனமில்லாமல் ஜன்னல் வழியே பேசினார்.

"தம்பி, விதி ஒண்டுதான். மெசினை நிப்பாட்டிப் பூட்டுவன். திறப்பு உம்மட பொக்கற்றுக்க இருக்கோணும். நீர் இறங்கி வந்து தந்தால்தான் திரும்பப் போடுறது. விளங்கிச்சோ?"

"சரிங்க ஐயா," என்றான் சின்னராசா. யாழ்ப்பாணத்தில் சாவிக்குத் திறப்பு என்று பெயர்.

அந்த விதிக்குக் காரணம் இருந்தது. டவரின் நடுவிலிருந்து உச்சி வரை ஒரு ரேடியோ நிலையத்தின் பெரிய அலைக்கம்பிகளும் இருந்தன. அலை அனுப்பும் மெசின் ஓடும்போது அவற்றைத் தொட்டால் கை வெந்துபோகும். வெந்த கை பிடியை விடும்.

அண்ணன் பெயிண்ட் கலக்கும் நேரத்தில் சுதர்ஷினி கருவியைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினாள். நாகலெட்சுமி என்ற பெண் காம்பரா வாசலில் ரேடியோவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டவர் அனுப்பும் பாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது. கருவி காட்டியது வரம்புக்கு எவ்வளவோ கீழே.

"இங்க ஒண்ணும் பயமில்லக்கா. டவரு ஒங்கள கொல்லாது. இந்த ஒழுகுற கூரையும் அடுப்புப் புகையுந்தான் கொல்லும்."

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. "ஒங்க கையில இருக்குற மெசினு, டவரு மேல ஆளு இருந்தா காட்டுமா?"

"காட்டாது. அலையத்தான் காட்டும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு இன்னும் எறங்கலன்னு ஒங்க கம்பனிக்கு எப்படித் தாயி தெரியும்?"

போன மாதம் இதே வேலைக்கு ஏறியவர் அவள் கணவர். விறகுக்குப் போன இடத்தில் பள்ளத்தில் விழுந்தார் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே புதைத்தும் விட்டார்கள்.

"விழுந்தது ஒடம்பு. அவரு வேலைய முடிக்காம எறங்கமாட்டாரு."

மடியில் பாட்டு அறுந்தது. வெறும் இரைச்சல். மேலே மெசினை நிறுத்திவிட்டார்கள். சின்னராசா பெயிண்ட் வாளியோடு ஏணியில் ஏறி, ஒவ்வொரு காலாகப் பனிக்குள் மறைவதைச் சுதர்ஷினி பார்த்தாள். கருவியின் எண்கள் பூச்சியத்துக்குச் சரிந்தன.

இரைச்சலுக்குள் ஒரு சத்தம் வந்தது.

டிட்-டிட்-டிட்… டிட்-டிட்-டிட்…

பக்கத்தில் கைபேசி இருந்து அழைப்பு வரப்போகும்போது ரேடியோ துடிக்குமே, அந்தச் சத்தம். எல்லாருக்கும் பழகிய சத்தம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்கே இது ஒன்றுதான் டவர். டவர் செத்துக் கிடக்கும்போது எந்தக் கைபேசியும் வாய் திறக்காது. சுதர்ஷினி படித்த படிப்பு அது.

ரேடியோ துடித்துக்கொண்டேயிருந்தது.

கருவியை டவர் பக்கம் நீட்டினாள். எண் ஏறியது. ஏணியின் அடிக்கு நீட்டினாள், குறைந்தது. மெல்ல மேலே தூக்கினாள், கூடியது. பெயிண்ட் நின்ற அந்த அரைப் பட்டைக்கு நேரே வந்ததும் எண் துள்ளியது.

காற்று திரும்பியது. பெயிண்ட் வாசம். அதோடு மயிர் பொசுங்கும் நாற்றம்.

அப்போது தோட்டத் துரையின் பங்களா ரோட்டிலிருந்து பனிக்குள் ஒரு குரல் கேட்டது. "வீரய்யா! தொரைக்குப் போன் லைன் இல்லையாம்! மெசின வெரசாப் போடச் சொல்றாரு!"

நாகலெட்சுமி அவள் கையை இறுகப் பிடித்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் கூப்புட்டாங்க. சாவி வாச்சரு குடிசை ஆணியில தொங்குச்சு. எடுத்து மெசினப் போட்டாரு."

"இன்னைக்குச் சாவி எங்க அண்ணன்கிட்ட இருக்கு."

"நம்மாளு சாவிய வச்சுக்குவானா தாயி?" நாகலெட்சுமி மெதுவாகக் கேட்டாள்.



தோட்டத்துச் சாவி எதுவும் தொழிலாளியின் பையில் இருக்கக் கூடாது. இருந்தால் திருடன். தாத்தன் காலத்திலிருந்து அடித்து ஏற்றிய பாடம். யாராவது கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிடுவான். அவள் அப்பா அப்படித்தான். அண்ணனும் அப்படித்தான். கொழும்பில் விதி எழுதியவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கோட்டைவிட்டாள்.

ஓடினாள்.

குடிசையின் ஆணி வெறுமையாக இருந்தது.

மெசின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வீரய்யா சுவிட்சுக்கு நேரே கையை நீட்டியபடி நின்றார். கையில் சாவி இல்லை.

"புடுங்கிட்டான்," என்றார் வீரய்யா. "தாயி, கையில இருந்து புடுங்கிட்டான்."

அவர் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள் சிவப்புப் பெயிண்டில் பதிந்திருந்தன. பெயிண்டுக்கு அடியில் தோல் கொப்பளித்திருந்தது.

"அண்ணே! எறங்கு! எறங்குண்ணே!"

பனிக்குள்ளிருந்து முதலில் கால்கள் வந்தன. பிறகு வாளி. சின்னராசா தரையில் குதித்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"என்ன பாப்பா, காட்டுக் கத்தல் கத்துற?"

"சாவிய யார்கிட்ட குடுத்த?"

"வாச்சரு ஐயாகிட்டதான். அப்புறம் மேல இருந்தவரு கொண்டாந்து பாக்கெட்டுல போட்டாரே. ஏறுறவன்தான் வச்சிருக்கணும்னாரு." சட்டைப்பையைத் தடவினான். "சுடுது."

"மேல யாரு?"

"பெயிண்ட் அடிக்கிறவரு. நீங்க அனுப்புன ஆளுன்னுல்ல நெனச்சேன்." அவன் அண்ணாந்து பார்த்தான். "மொகத்தக் காட்டல. கையெல்லாம் வெந்துபோன மாதிரி இருந்துச்சு. நீ போப்பா, எனக்கு வேல கெடக்குன்னாரு."

மேலே எங்கோ இரும்பில் பிரஷ் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

சரக். சரக்.

மயூரதன் மறுபடி வேனை விட்டு இறங்கி வந்தார். "என்ன பிள்ளை பிரச்சினை? ஆள் இறங்கிட்டான்தானே? துரை கத்துறார். போட்டுட்டு வெளிக்கிடுவம். நீர் கையெழுத்தை வையும்."

"வைக்க மாட்டேன் சேர். மேல ஒருத்தர் இருக்காரு."

"நீர் படிச்ச பிள்ளை. பேய்க்கதை கதைக்கிறீர்."

"போன மாசம் ஒருத்தர் இதுல செத்திருக்காரு. அதையாவது கதைங்க. ஏறினவங்க எல்லாரும் எறங்கினாத்தான் சுவிட்சப் போடலாம்னு விதி சொன்னது நீங்கதானே?"

"தம்பி, திறப்பைத் தாரும்."

அவள் குறுக்கே பாய்வதற்குள் சின்னராசா அதை எடுத்து நீட்டிவிட்டான். இரண்டு கையாலும்.

மயூரதன் சாவியைத் திருப்ப, சுவிட்ச் விழுந்தது. லயத்தில் பாட்டு மறுபடி உயிர்பெற்றது. மேலே பிரஷ் சத்தம் சட்டென்று நின்றது. பின்னாலேயே ஓடிவந்திருந்த நாகலெட்சுமி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பனியைப் பார்த்து, யாரிடமோ கெஞ்சுவதுபோல் முணுமுணுத்தாள்.

"மறுபடியும் சுடுமே… மறுபடியும் சுடுமே…"

திரும்பும் வழியில் மயூரதன் வேன் ரேடியோவைப் போட்டார். அந்த டவரின் பாட்டுத்தான். கந்தப்பளைச் சந்திக்கு வருமுன்னே பாட்டுக்கு அடியில் அது தொடங்கியது.

டிட்-டிட்-டிட்…

"ஆற்ற போன்? நிப்பாட்டுங்கோ." யாருடையது என்று மயூரதன் இருவரையும் பார்த்தார்.

சுதர்ஷினி தன் கைபேசியை அணைத்து முன்னால் வைத்தாள். மயூரதனும் தன்னுடையதை அணைத்தார். சின்னராசாவிடம் கைபேசியே இல்லை.

டிட்-டிட்-டிட்…

பாட்டு அறுந்தது. இரைச்சல். சுதர்ஷினி திரும்பிப் பார்த்தாள். மலைக்கு மேலே, டவரின் உச்சியில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

"பாப்பா," என்றான் சின்னராசா மிக மெதுவாக. "பாக்கெட்டு சுடுது."

மெசின் அறைச் சுவிட்சிலேயே மயூரதன் விட்டு வந்த சாவியை அவன் இரண்டு விரலால் பையிலிருந்து வெளியே எடுத்தான். இந்த முறை யாரிடமும் நீட்டவில்லை.

அதிலிருந்த பெயிண்ட் இன்னும் காயவில்லை.