மூன்று பாகத் தண்ணீர்

காலை 6.50. செல்வரட்ணம் வலையை இழுத்தபோது மீன் வரவில்லை. செபநாயகம் வந்தான்.

1986 ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. இடம் யாழ்ப்பாணம், குருநகர் இறங்குதுறை. செபநாயகத்துக்கு வயது முப்பத்திரண்டு, ஊரிலேயே முதல்தரமான சுழியோடி. மூன்று பாகம் ஆழத்துக்கு, அதாவது மூன்று ஆள் உயரத் தண்ணீருக்குள், மூச்சை அடக்கிக்கொண்டு போய் அடியில் கிடப்பதை எடுத்து வருவதுதான் அவன் தொழில். அப்படிப்பட்டவன் தண்ணீரில் மூழ்கிச் செத்தான் என்றால் யார் நம்புவார்கள்? நெற்றியில் வேறு ஒரு காயம் இருந்தது.

பொலிஸார் கோட்டைக்குள் அடைந்து கிடந்த காலம் அது. விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றும் பொடியளின், அதாவது இயக்கக்காரரின், கையில் இருந்தன. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். மேன்முறையீடு என்பது சுட்டுக் கட்டிவைக்கிற மின்கம்பத்தோடு சரி.

காலை 8.15. பொடியள் சிமியோனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனும் சுழியோடிதான். செபநாயகத்தின் மைத்துனன் வஸ்தியாம்பிள்ளை சாட்சி சொல்லியிருந்தான். "விடிய நாலரைக்குச் சிமியோன் வந்து அத்தானைக் கூட்டிக்கொண்டு போனவன். எனக்குக் காய்ச்சல், நான் போகேல்லை." அதற்கு முதல் நாள் சிமியோன் பத்துப் பேர் கேட்கச் சாபம் போட்டிருந்தான். பிறகென்ன, ஊர் தீர்ப்பை எழுதிவிட்டது.

காலை 9.00. சிமியோனின் தாய் றெஜினா, மார்க்கண்டு மாஸ்டரின் டியூட்டரி வாசலில் வந்து விழுந்தாள். "மாஸ்டர், அஞ்சு மணிக்கு என்ரை பிள்ளையைச் சுடப்போறாங்களாம். அவன் என்னோடைதான் படுத்திருந்தவன். தாய் சொன்னால் ஆர் கேக்கிறாங்கள்? நீங்கள் சொன்னால் கேப்பாங்கள்."

மாஸ்டர் கரவெட்டிக்காரர். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, பொல்லாத வாய். ஊரே ஊரைவிட்டு ஓடுவதற்காக இங்கிலீசு படித்த காலத்தில் அதை அவர் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பிழையான இங்கிலீசும் அவசரத் தீர்ப்பும் அவருக்கு ஆகாது. இரண்டுக்கும் யாழ்ப்பாணத்தில் அப்போது பஞ்சமில்லை.

சால்வையை எடுத்துத் தோளில் போட்டபடி அவர் முதல் நாள் மாலையை நினைத்துப் பார்த்தார். பஹ்ரெயினில் ஒரு கம்பனிக்குச் சுழியோடிகள் தேவை. கொழும்பில் இங்கிலீசில் நேர்முகம். அதற்காக அவர் கரும்பலகையில் 'டைவ்' என்ற ஒரே ஒரு வினைச்சொல்லை எழுதினார்.

"மனுசன் தலைகீழாத் தண்ணிக்குள்ளை போனால் டைவ். பொம்பர் பிளேன் பதிஞ்சு குத்தினாலும் டைவ். பொம்பரைக் கண்டு நாங்கள் பங்கருக்குள்ளை பாய்ஞ்சாலும் டைவ்தான். எங்களுக்கு மூண்டு சொல்லு, வெள்ளைக்காரனுக்கு ஒண்டு காணும். ஆனால் பின்னாலை என்ன சொல்லு வருகுதெண்டு பாக்கவேணும். 'டைவ் இன்ரு' எண்டால் ஒண்டுக்குள்ளை போறது. 'டைவ் ஃபோர்' எண்டால் ஒண்டைத் தேடிப் போறது. உன்னட்டை என்ன தேடிப் போறாய் எண்டுதான் கேப்பான்."

"சங்கு, கடலட்டை. இப்ப நேவி தூரம் போக விடுறானில்லை. தண்ணிக்கடியிலை தாண்டுபோய்க் கிடக்கிற பார்ஜ் கப்பலிலை பித்தளை கழட்டுறம்," என்றான் செபநாயகம்.

"கயிறு கட்டிக்கொண்டோ போறனியள்?"

"மேலை வள்ளத்திலை மச்சான் கயிறு பிடிச்சால் இடுப்பிலை இறுக்கிக் கட்டுவம், மாஸ்டர். வேறை ஆள் பிடிச்சால் கயிறு கையிலைதான். ஒண்டெண்டால் உடனை விடலாமெல்லோ. மச்சான் எண்டால் பயமில்லை. தன்ரை அக்காவின்ரை தாலியை எவன் அறுப்பான்?"

வகுப்புச் சிரித்தது. செபநாயகத்தின் மச்சான் வஸ்தியாம்பிள்ளையும் கடைசி வரிசை வாங்கிலிருந்து சிரித்தான். சிறு வயதிலேயே ஒரு காதுச் சவ்வு வெடித்துப்போனவன் அவன், தண்ணீருக்குள் தலையை வைக்கமாட்டான். ஆனாலும் ஒரு கிழமையாக வகுப்புக்கு வந்து, டைவ் பற்றிய வசனங்களையெல்லாம் கொப்பியில் தமிழெழுத்தில் எழுதினான். அத்தானுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, வீட்டில் சொல்லிக்கொடுக்கத்தான் எழுதுகிறேன் என்றான். நல்ல மைத்துனன் என்று மாஸ்டரே மெச்சியிருந்தார்.

வகுப்பு முடியும்போதுதான் சண்டை வந்தது. நேர்முகக் கடிதம் செபநாயகத்துக்கு மட்டும் வந்திருந்தது. சிமியோன் தான் இருந்த வாங்கை உதைத்துத் தள்ளிவிட்டு, "நீ தண்ணிக்குள்ளையே கிட, வெளியிலை வராதை!" என்று கத்தினான். வாயிலே சனியன் இருந்தால் வேறு பகை வேண்டாம்.

காலை 9.40. உரிமையாளர் ஓடிப்போன ஒரு மாடிவீட்டில் பொடியளின் பொறுப்பாளர் இருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். மாஸ்டரைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை.

"அஞ்சு மணி மட்டும் தாறன், மாஸ்டர். அதுக்குள்ளை வேறை ஆளைக் காட்டுங்கோ."

உள்ளறையில் சிமியோன் கைகள் கட்டப்பட்டு இருந்தான்.

"எத்தினை மணிக்கு எழும்பினாய்?"

"செல்வரட்ணம் அண்ணை கத்தின சத்தத்திலைதான் எழும்பினனான்."

"செபநாயகத்தோடை நீ எப்பவாவது கயிறு பிடிச்சனியோ?"

"நாலைஞ்சு தரம் பிடிச்சிருக்கிறன். வஸ்தியானுக்கு ஏலாத நாளையிலை."

"அப்ப அவன் கயிறை என்ன செய்வான்?"

"கையிலை சுத்திப் பிடிச்சுக்கொண்டு போவான். எனக்கு இடுப்பைத் தரமாட்டான். நானும் அவனுக்குத் தரமாட்டன்." அவன் அழுதான். "மாஸ்டர், கோவத்திலை சொன்ன சொல்லு. சாகட்டும் எண்டு சொல்லேல்லை."

காலை 10.30. இறங்குதுறை. செல்வரட்ணம் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சவத்தை நீங்கள்தானே தூக்கினது? உடம்பிலை என்ன இருந்தது?"

"காச்சட்டை மட்டுந்தான். நெத்தியிலை காயம். இடுப்பைச் சுத்தி ஒரு வரி. காச்சட்டை நாடா வெட்டினதாக்கும்."

"நாடா நேராத்தானே வெட்டும்?"

செல்வரட்ணம் யோசித்தார். "இல்லை. ஒரு பக்கத்தாலை விலா மட்டும் ஏறியிருந்தது. தோல் உரிஞ்சு."

"அந்தப் பார்ஜ் எங்கை கிடக்கு?"

அவர் மேற்கே கையைக் காட்டினார். கூப்பிடு தூரம். "மூண்டு பாகத்திலை கிடக்கு. மேல்தட்டிலை ஒரு வாசல். அதாலை இறங்கித் தட்டுக்குக் கீழை போய்த்தான் பித்தளை கழட்டுறவங்கள். முழுக்க இரும்பு, கறளும் துருவுமாக் கிடக்கு."

முற்பகல் 11.20. செபநாயகத்தின் வீடு. சவத்தைக் குளிப்பாட்டிக் கலியாணக் கோட்டும் போட்டுக் கிடத்தியாயிற்று. மனைவி கத்தரீனா, யாரையும் கிட்ட விடாமல் எட்டு மணிக்கே எல்லாவற்றையும் தனியாகச் செய்து முடித்ததாகப் பெண்கள் சொன்னார்கள். துக்கத்தில் பித்துப் பிடித்துவிட்டதாம். அவள் தலைமாட்டில் இருந்தாள். அழவில்லை.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். நெற்றிக் காயத்தின் விளிம்பில் செம்மண் போல ஏதோ ஒட்டியிருந்தது. கோர்த்துக் கட்டிய விரல்களின் நகங்களுக்குள்ளும் அதே சிவப்பு. எவ்வளவு கழுவியும் அது போகவில்லை.

"பிள்ளை, செபநாயகத்தின்ரை பாஸ்போட் எங்கை?"

"தம்பியிட்டை. ஏஜென்சிக்குக் குடுக்கவெண்டு வாங்கினவன்," என்றாள் கத்தரீனா. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள்.

தம்பி வஸ்தியாம்பிள்ளை முற்றத்தில் காய்ச்சல்காரனாகப் போர்வைக்குள் இருந்தான். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். மூக்குப்பேணியை உள்ளங்கையில் பிடிக்காமல் விரல் நுனிகளால் தூக்கி, ஒரு மிடறு குடித்துவிட்டு உடனே கீழே வைத்தான்.

"காய்ச்சல் எப்பிடி, தம்பி?"

"குறைவில்லை, மாஸ்டர். நான் போயிருந்தால் அத்தான் செத்திருக்கமாட்டார்."

மாஸ்டர் நேரே பொறுப்பாளரிடம் போய் இரண்டு பொருட்களைத் தேடி எடுக்கச் சொன்னார். பொடியள் வஸ்தியாம்பிள்ளையின் அறையைப் புரட்டி இரண்டையும் கொண்டுவந்தார்கள். அவற்றைத் திறந்து பார்த்த பிறகு மாஸ்டர் மத்தியானம் சாப்பிடவில்லை.

மாலை 4.30. கடற்றொழிலாளர் சங்க மண்டபம். சனம் நிறைந்து வழிந்தது. சிமியோன் ஒரு மூலையில், றெஜினா மறு மூலையில். கத்தரீனா கறுப்புச் சேலையோடு கதவருகில் நின்றாள். மாஸ்டர் வகுப்பெடுக்கிற குரலில் தொடங்கினார்.

"செபநாயகத்தை ஒருத்தரும் அடிக்கேல்லை. நெத்திக் காயத்திலை கறள். நகத்துக்குள்ளையும் கறள். எங்கடை வள்ளங்கள் மரம். கறள் பிடிச்ச இரும்பு கிடக்கிறது தண்ணிக்கு அடியிலை, பார்ஜிலை. செத்தவன் நகத்தாலை பிறாண்டான். அதாலை அவன் உயிரோடை அங்கை இறங்கினவன். மேல்தட்டுக்குக் கீழை போனவன். வெளியிலை வர முடியேல்லை. ஏன் முடியேல்லை?"

மாஸ்டர் தன் இடுப்பிலிருந்து விலாவரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"இடுப்பிலை வரி. விலா மட்டும் ஏறின வரி. அது காச்சட்டை நாடா இல்லை, கயிறு. அவன் தட்டுக்குக் கீழை நிக்கேக்கை மேலை இருந்து ஒருத்தன் வள்ளத்தை அவன் நிண்ட பக்கத்துக்கே விட்டுப் பலமா இழுத்திருக்கிறான். கயிறு வாசல் விளிம்பிலை மடிஞ்சு நிக்கும். இழுக்க இழுக்க அவன் வாசலாலை வராமல் தட்டோடை போய் ஒட்டுவான். தலை இரும்பிலை அடிபடும். இரும்பைப் பிறாண்டுவான். இறுகின முடிச்சு அவிழாது. மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? உயிர் போனாப் பிறகு கயிறைத் தளத்தி, வள்ளத்தை மற்றப் பக்கம் கொண்டுபோய் இழுத்துச் சவத்தை வெளியிலை எடுத்து, கயிறை அவிட்டுத் தள்ளிவிட்டிருக்கிறான்."

"அதைத்தான் சிமியோன் செய்தவன்!" என்று வஸ்தியாம்பிள்ளை கத்தினான்.

"சிமியோன் பிடிச்ச கயிறு எண்டால் அது செபநாயகத்தின்ரை கையிலை இருந்திருக்கும். கையை விரிச்சால் தப்பியிருப்பான். குருநகரிலை பிறந்த உங்களுக்கு இதை நான், கரவெட்டித் தோட்டக்காரன், சொல்லவேண்டிக் கிடக்கு! செபநாயகம் ஆருக்கு இடுப்பைக் குடுப்பான்?"

மச்சான் பிடித்த கயிற்றில் எவனும் செத்ததில்லை என்பது அந்தக் கரையின் வேதம். அந்த வேதத்தை நம்பித்தான் ஊர் முழுவதும் வஸ்தியாம்பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டிருந்தது.

"தம்பி, கையை விரி."

அவன் விரிக்கவில்லை. இரண்டு பொடியள் விரித்தார்கள். இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு உரித்த தோல்.

மாஸ்டர் கொப்பியைத் திறந்து வாசித்தார். தமிழெழுத்தில் பத்துத் தரம் திரும்பத் திரும்ப எழுதிய இங்கிலீசு. அதைத் தமிழாக்கிச் சொன்னார். "'என் பெயர் செபநாயகம். நான் பதினைந்து வருடமாகச் சுழியோடுகிறேன். மூன்று பாகம் போவேன்.' இதை நான்தான் சொல்லிக் குடுத்தனான். படிப்பிக்க எழுதினவன் பத்துத் தரம் எழுதமாட்டான். பாடமாக்கிறவன்தான் எழுதுவான். ஒரு கிழமையா எனக்கு முன்னாலை இருந்து எழுதினவன். நான் மெச்சிக்கொண்டு நிண்டனான்."

கடைசியாக அவர் பாஸ்போட்டை விரித்துக் காட்டினார். பெயர் செபநாயகம். படம் வஸ்தியாம்பிள்ளை. தலை மாற்றிக் கொடுக்கிற கைகாரன் யாரோ சுத்தமாக ஒட்டியிருந்தான்.

வஸ்தியாம்பிள்ளை நிலத்தில் குந்தினான். "எனக்குச் சுழியோடத் தெரியவேணுமெண்டில்லை. பஹ்ரெயினிலை போய் இறங்கினால் காணும். ரண்டு தரம் ஆமி பிடிச்சு உரிச்சுப்போட்டு விட்டவன். இனிப் பிடிச்சால் விடமாட்டான். இஞ்சை நிண்டால் நீங்கள் இயக்கத்துக்கு வரச் சொல்லி நிக்கிறியள்." அவன் பொறுப்பாளரைப் பார்த்தான். "அத்தானிட்டைக் கேட்டனான், இந்த ஒரு தரம் நான் போறன் எண்டு. சிரிச்சார். செவிடனுக்கு என்ன கடல் எண்டார்."

மாலை 5.00. சிமியோனின் கட்டை அவிழ்த்தார்கள். றெஜினா ஓடிவந்து மாஸ்டரின் கைகளைக் கண்ணில் ஒற்றினாள். மாஸ்டர் அவளை விலக்கிவிட்டுப் பொறுப்பாளரின் பின்னால் போனார்.

"தம்பி, உயிரை எடுக்காதேங்கோ. மறியலிலை அடைச்சு வையுங்கோ."

"பாப்பம், மாஸ்டர்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். வஸ்தியாம்பிள்ளையை ஏற்றிய வான் புறப்பட்டது. அவன் கண்ணாடிக்குள்ளிருந்து அக்காவைத் தேடினான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாலை 5.20. சவம் எடுக்கும் நேரம். ஒழுங்கை வாசலில் கத்தரீனா மாஸ்டரை மறித்தாள்.

"எனக்கு விடியவே தெரியும், மாஸ்டர்."

"என்ன தெரியும், பிள்ளை?"

"குளிப்பாட்டேக்கை இடுப்பைக் கண்டனான். சுழியோடியின்ரை பெண்சாதிக்கு அந்த வரி தெரியாதோ? அதுதான் ஒருத்தரையும் விடாமல் கோட்டைப் போட்டு மூடினனான். ஆத்தை செத்தாப் பிறகு அவனை நான்தான் வளத்தனான். புருசன் போயிட்டான், தம்பியெண்டாலும் மிஞ்சட்டும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். நீங்கள் வந்து ரண்டையும் எடுத்துப்போட்டியள்."

"அப்ப சிமியோன்? அவன் ஒரு குற்றமும் செய்யாமல் சாகப்போனானே?"

"அவன் வேறை வீட்டுப் பிள்ளைதானே," என்றாள் கத்தரீனா. அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "பெட்டி தூக்க ஆள் காணாது. வாறியளோ?"

மாஸ்டர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். பெட்டியின் முன்பக்கத்தில் சிமியோன் ஏற்கெனவே தோள் கொடுத்து நின்றான். மணிக்கட்டில் கட்டின தடம் இன்னும் சிவந்திருந்தது. கத்தரீனா அவனருகில் போய், "மெல்லத் தூக்கு, தம்பி," என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அக்கா," என்றான்.

மாஸ்டர் அவனுக்கு எதையும் சொல்லவில்லை. பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.