பூசிய முகம்

பொத்துவில் பஸ் கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. என் மூத்த சகோதரி சரீபா ராத்தாவின் வீடு கடற்கரை வீதியில். அவளுடைய மூத்த மகள் அப்ராவின் கல்யாணத்துக்கென்று கட்டிய மாடிவீடு. அப்ரா மூன்று மாதங்களுக்கு முன் மௌத்தாகிவிட்டாள். பத்தொன்பது வயது. சிறுநீரகம் இரண்டும் பழுது. முகத்துக்குப் பூசிய வெள்ளைக் கிறீம்தான் காரணம் என்று டொக்டர் சொன்னார்.

அவளுடைய மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. கன்னத்தைத் துணியால் துடைத்தேன். துணியோடு தோல் வந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே எல்லா ஜன்னல்களிலும் கறுப்புத் துணி. ரோசா மணம். அதற்கு அடியில் பழுதான இறைச்சியின் மணம்.

"வாகா ஜெமீலா. கதவச் சாத்து, வெயில் வருகுது," என்றாள் ராத்தா.

இளைய மகள் ஹாஜறா பாயில் மல்லாந்து கிடந்தாள். பதின்மூன்று வயது. முகத்தில் கிறீம் சுண்ணாம்புபோல அப்பியிருந்தது. மூடிய கண்களின் ஓரம் சிவந்து நீர் வடிந்தது.

"இது அந்தக் கிறீமா ராத்தா?"

"அப்ராக்கு வாங்கினது. பன்னெண்டு டப்பா மிச்சம். கொட்டச் சொல்றியா?"

"டொக்டர் சொன்னாரே."

"டொக்டரா இவளுக்கு மாப்பிள்ள தேடித் தரப்போறார்? அப்ராக்குப் பேசின மாப்பிள்ளைட உம்மா மையித்து வீட்டிலயே இவள மேலயும் கீழயும் பாத்தா. 'சின்னவள் கறுப்புத்தான்' எண்டா. நீயும் கேட்டாய்தானே."

கேட்டேன்.

ராத்தாவின் கவலை வேறு. லுஹருக்குப் பூசினால் பின்னேரம் அசருக்குள் முகத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தான் துடைக்கவில்லை என்கிறாள் பிள்ளை. அடித்தும் பார்த்தாயிற்று.

"கள்ளி. நீ பக்கத்தில இருந்து பாரு. நான் தொழுதிட்டு வாறன்."

அவள் போனாள். நான் ஹாஜறாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

ஈரமான, மெதுவான சத்தம். பூனை பீங்கான் தட்டை நக்குவதுபோல.

ஹாஜறாவின் நாடியிலிருந்து நெற்றிவரை ஒரு கோடு விழுந்தது. இரண்டு விரல் அகலம். கோட்டுக்குள் அவளுடைய மாநிறத் தோல் ஈரமாக மினுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. கண்ணிமைக்கு வந்தபோது மட்டும் அது மிகவும் நிதானித்தது.

அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"கூசுது," என்று ஹாஜறா முணுமுணுத்தாள்.

"ஆர் புள்ள?"

"அப்ரா ராத்தா. கத்திடாதீங்க சாச்சி. உம்மா வந்தா பாதியில விட்டிடுவா."

"என்ன செய்றா?"

"தின்னுறா. தனக்கு இனி ஒண்டும் ஆகாதாம்."

சரீபா ராத்தா திரும்பி வந்தாள். சுத்தமான முகத்தைக் கண்டாள். அலுமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். காலி. அடுத்ததும் காலி. பன்னிரண்டும் உள்ளே ஈரமாக, கழுவி வைத்ததுபோல இருந்தன.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்ன வேல பாத்து வெச்சிரிக்கீங்க? கூட்டிக்கொண்டு போ. கறுப்பியாவே வெச்சிரு."

கோபத்தில் சொன்னாள். மனம் மாறுமுன் ஹாஜறாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். முகத்தில் வெயில் பட்டதும் பிள்ளை சிரித்தாள்.

பத்து நாள் கழித்து ராத்தா வீடியோவில் அழைத்தாள். போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. மூக்கோரம் தோல் சுருண்டு தொங்கியது.

"ஹாஜறாவ அனுப்பு. கிறீமே தேவையில்ல. கொஞ்சம் படுத்தாப் போதும், தானா வெளுக்குது. பாரு, எவ்வளவு வடிவா இரிக்கி."

"அவள் வரமாட்டாள். இஞ்சதான் இரிப்பாள்."

ராத்தா கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"பூசுறது ஆர் ராத்தா? அப்ராவா?"

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. இடக்கன்னத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை தோன்றி, மெல்லக் காதுவரை இழுபட்டது.

ராத்தா கண்ணை மூடினாள். நாடியை உயர்த்தினாள். கழுத்தையும் பூச வசதியாகக் காட்டினாள்.