நாலு டயரிலும் பாதிக் காற்று

டெலிபோன் அலறியது.

ஆற்றோர மணல்மேட்டுச் சரணாலயத்தின் வனக்காவலர், பாதி கடித்த பிஸ்கட்டை வைத்துவிட்டு எடுத்தாள்.

"மேடம்... என் மச்சான் ஆத்துல விழுந்துட்டாரு! சைக்கிளோட!"

"எங்க?"

"மரப்பாலத்துக்கிட்ட!"

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு அவள் தன் சைக்கிளில் ஏறினாள். காடு, புல்வெளி, புதர்... பதினோரு வருடமாக மிதிக்கிற பாதை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவாள்.

பாலத்தடியில் போன் செய்தவன் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நுழைவாயிலில் காத்திருந்த அவன் மனைவியும் ஓடி வந்திருந்தாள். விழுந்தவர் அவளுடைய ஒரே அண்ணன்.

தீயணைப்புக்காரர்கள் ஒரு மணி நேரம் ஆற்றைத் துழாவினார்கள். சைக்கிள் கிடைத்தது. ஆள் இல்லை!

"மேடம்... எங்கண்ணன் உயிரோட கிடைப்பாரா?"

வனக்காவலர், போன் செய்த அந்தக் கணவனிடம் திரும்பினாள்.

"எந்த வழியா வந்தீங்க?"

"தார்ப்பாதை மேடம். முழுக்க தார்ப்பாதைதான்."

"மணல்மேட்டுப் பக்கம்?"

"சத்தியமா போகல!"

அவன் சைக்கிளின் டயரை அமுக்கினாள். தொளதொள. பின் டயர்... அதுவும். ஆற்றிலிருந்து எடுத்த சைக்கிள்... அதுவும்!

"நாலும் பஞ்சரா?"

"ஆ... ஆமா. முள்ளு..."

"அளந்து பாதிக் காத்த மட்டும் எறக்குற முள்ளா?"

அவன் முகம் வெளுத்தது.

மணலில் சக்கரம் புதையாமலிருக்க, பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஓட்டுவார்கள். தார்ப்பாதையில் எந்தக் கிறுக்கனும் அப்படி மிதிக்கமாட்டான்!

"ஆத்த விடுங்க! மணல்மேட்டுக்கு ஓடுங்க!"

மூன்றாவது மேட்டின் பின்னால்... சருகுக்கடியில் ஒரு கால்!

மண்டையில் ரத்தம். மூச்சு... இருந்தது! தங்கை ஓவென்று அழுதாள்.

ஸ்ட்ரெச்சரில் அண்ணன் கண் திறந்தார்.

"உன் புருஷனுக்கு... இன்னொரு குடும்பம் இருக்கும்மா. இன்னிக்கு உன்கிட்ட சொல்லிடுவேன்னேன்... கல்லால அடிச்சுட்டான்..."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்ணா."

அதற்குள் வந்துவிட்ட போலீஸ் மாட்டிய கைவிலங்கோடு நின்ற கணவனுக்கு வாய் பிளந்தது.

"தெ... தெரியுமா?"

"அவளுக்கும் எனக்கும் ஒரே வக்கீல். ரெண்டு நோட்டீஸும் ரெடி. வீட்டு அட்ரஸ அடிச்சுட்டு ஜெயில் அட்ரஸ் எழுதணும்... அவ்ளோதான்!"